கதவுப் படம்

ரஷ்ய மொழியில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் மொத்தம் நாற்பது தேறும். அதில் பதினைந்து கெட்ட வார்த்தை. மீதியெல்லாம் ‘திருப்பு’, ‘நிறுத்து’, ‘சூடு’, ‘தண்ணீர்’, ‘நாளைக்கு’, ‘எந்த மடையன் இதை முடுக்கினான்’ என்கிற ரகம். இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு அவர் பதினோரு வருஷம் ரஷ்யப் படங்களுக்குத் தமிழில் வசனம் சொன்னார். படித்தவர்கள் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

அவர் மின் நிலையத்தில் குழாய் ஃபிட்டர். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொதிகலன் நிறுவ ரஷ்யாக்காரர்கள் வந்தார்கள். இரண்டு வருஷம் அவர்களுடைய ஃபோர்மேன் ஒருவனுக்குக் கீழே ஸ்பேனர் பிடித்தார். அவன் தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். இவருக்கு ‘ரஷ்யா’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. துறைமுகத்தைக்கூடப் பார்க்காத மனுஷனுக்கு ஒரு தேசத்தின் பேர்.

அந்தப் பேர்தான் வினை. தொழிற்சங்கக் கட்டடத்து மாடி ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கல்லூரிப் புரொபசர் ஒருவர் திரைப்படச் சங்கம் நடத்தி வந்தார். ரஷ்யப் படங்கள் தகரப் பெட்டியில் வரும். கூடவே கதைச் சுருக்கம் ஒரு தாளில் வரும். வசனத்துக்கு மட்டும் நாதியில்லை. புரொபசர் ஒருநாள் பட்டறைக்கே வந்துவிட்டார்.

“நீங்க ரஷ்யாக்காரங்களோட ரெண்டு வருஷம் வேலை பாத்தவராமே?”

“பாத்தேன்.”

“அவங்க பாஷை பேசுவீங்களா?”

“பேசாம எப்படிங்க வேலை பாக்கறது?”

இதில் பொய் எங்கே இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ரஷ்யா யாரையும் சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், டாக்டர் தேவையில்லாமல் ஊசி போடுகிறார், கடிகாரக் கடைக்காரன் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு மட்டமானதைப் போட்டுத் தருகிறான் என்றே இந்த எழுபத்தொரு வயது வரை வாழ்ந்து வருகிறவர். அப்படிப்பட்டவரை நூற்றைம்பது பேர் நம்பினார்கள் என்றால் அது அவர்கள் தலையெழுத்து.

அவர் செய்த வேலை இதுதான். கதைச் சுருக்கத்தைப் புரொபசர் வாசிக்கக் கேட்டுக்கொள்வார். பிறகு ஹாலின் ஓரத்தில் மைக்கைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்து முகங்களைப் பார்ப்பார். ஃபோர்மேனையும் அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். அவன் பேச்சு பாதி புரியாது. ஆனால் புருவம் ஏறினால் குழாய் கசிகிறது, கை தளர்ந்தால் தேநீருக்கு நேரமாகிவிட்டது. முகம் முகம்தானே. அதற்கு எந்த ஊர் இலக்கணம்?

போகப் போக அந்தப் படங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. ஒரு கிழவியின் முகத்தைக் காட்டினால், ஒரு குவளை தேநீர் குடித்து முடிக்கிற நேரம் காட்டுவான். நம் படத்தில் அதற்குள் இரண்டு பாட்டும் ஒரு சண்டையும் முடிந்திருக்கும். வீட்டுக்குள்ளேயே மழை பெய்யும், யாரும் எழுந்து வாளி வைக்க மாட்டார்கள். குதிரை ஒன்று சேற்றில் நிற்கும். அது சும்மா நிற்கும். ஏன் நிற்கிறது என்று சங்கத்து ஆட்கள் படம் முடிந்து ஒரு மணி நேரம் அடித்துக்கொள்வார்கள். ஒருவர் அது விவசாயி வர்க்கம் என்பார், இன்னொருவர் மனசாட்சி என்பார். ரஷ்யாவுக்கு அது குதிரைதான். ஆனால் அந்தக் குதிரை வாரம் முழுக்கக் கூடவே வரும். வால்வை முடுக்கும்போது, சாப்பிட்டுக் கை கழுவும்போது, சேற்றில் நின்றபடி திரும்பிப் பார்க்கும். பனியை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பனி மேல் நடந்தால் காலடியில் என்ன சத்தம் கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

பிடித்துப்போனதால் பேச்சைக் குறைத்தார். நல்ல இடத்தில் வாயைத் திறக்க மனசு வரவில்லை. கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை.

“என்ன ரஷ்யா, அந்த ஆள் மூச்சு விடாம பேசறான். நீங்க ‘சரி’ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டீங்க?”

“விஷயம் அவ்ளோதான்.”

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. வந்தது அந்தக் கதவுப் படம்.

பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவருடைய தங்கை புருஷன், லாரி மெக்கானிக், “வெளியூர்ல ஒரு வண்டி நின்னுபோச்சு, பாத்துட்டு வந்துடறேன்” என்று பையை எடுத்துக்கொண்டு போனவன் வரவில்லை. விபத்தா, வேறு குடித்தனமா, ஒன்றும் தெரியவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரையும் விசாரித்தார்கள். பதினெட்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பத்தைந்து வயது, பிள்ளை குட்டி கிடையாது. நாலு சுவருக்குள்ளேயே கிடக்கிறாளே, கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்தாவது வரட்டும் என்று ரஷ்யா அவளை ஹாலுக்கு அழைத்து வந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்.

அன்றைக்கென்று பெட்டியில் கதைச் சுருக்கத் தாளைக் காணோம். “சமாளிங்க, ஏதோ ஏரிக்கரைக் கிராமம், யுத்த காலம்” என்றார் புரொபசர். சமாளித்தார். மர வீடு, தனியாக ஒரு பெண். புருஷன் சண்டைக்குப் போயிருக்கிறான். படகில் வருகிற கிழட்டுத் தபால்காரன், கடிதம் இல்லை என்று தினமும் தலையாட்டிவிட்டுப் போகிறான். பிறகு ஒரு நாள், மூடுபனியில், அவன் வாசலில் வந்து நின்று நீளமாக ஏதோ சொல்கிறான். அந்தப் பெண் கேட்டுக்கொள்கிறாள். அவன் போன பிறகு கதவைத் தாழ்போடப் போனவள், தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒரு சாண் திறந்தபடியே விட்டுப் போகிறாள்.

தபால்காரன் பேச்சில் ரஷ்யாவுக்குப் பிடிபட்டவை இரண்டே வார்த்தை: ‘தண்ணீர்’, ‘நாளைக்கு’. மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அவள் திரையைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் தண்ணியத் தாண்டி வருவான்,” என்றார் மைக்கில். “இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு. நீ கதவைத் தாழ் போடாதே.”

ஹாலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். படத்தின் கடைசியில் அந்தக் கதவிடுக்கு வழியாக நனைந்த நாய் ஒன்று உள்ளே வந்து, உதறிக்கொண்டு, அடுப்போரம் படுத்தது. புரொபசர் ‘திறந்த கதவின் தத்துவம்’ என்று எட்டுப் பக்கக் கட்டுரை எழுதினார். நாய் என்பது வேறு உருவெடுத்துத் திரும்பிய புருஷனின் ஆன்மா என்றார். மறுத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கட்சியில் நாய் என்பது அரசாங்கம்.

மறுநாள் காலை ரஷ்யா தங்கை வீட்டுக்குப் போய்க் கதவில் கை வைத்தார். திறந்துகொண்டது.

“என்னம்மா, ராத்திரி தாழ் போடலையா?”

“நீதானே சொன்னே, மைக்ல.”

படம் அவள் மனசில் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மாசத்தில் சரியாகிவிடும் என்று விட்டார். சரியாகவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கும், தாழ் விழாது. நடுவில் எவனோ உள்ளே நுழைந்து குடையையும் சுவர்க் கடிகாரத்தையும் தூக்கிக்கொண்டு போனான். அப்போதும் தாழ் விழவில்லை. “திருடனுக்கும் ஒரு வீடு வேணுமில்ல” என்று தெருவில் சிரித்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை ரஷ்யா யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் அபூர்வம்.

கணவன் போய் ஏழு வருஷம் கழித்து, மருந்துக்கடைக்காரர் பட்டறைக்கு வந்தார். மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேச மாட்டார். “உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க” என்றார். என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொன்னார். ரஷ்யா கேட்டுக்கொண்டார். அப்போது அவருடைய மனைவி படுத்த படுக்கை. முதுகுத்தண்டு. தங்கைதான் தினமும் வந்து சமைத்தாள், அண்ணியைத் துடைத்து உடை மாற்றினாள், இரண்டு பையன்களையும் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்தாள். அவள் போய்விட்டால் அந்த வீடு அச்சாணி கழன்ற வண்டி. ரஷ்யா ஒரு வாரம் அந்த வார்த்தையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பிறகு மருந்துக்கடைக்குப் போய், “அவ அவனுக்காகக் காத்திருக்கா. கதவுகூடத் தாழ் போடறதில்லை, உங்களுக்குத் தெரியாதா?” என்றார். மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டினார். அடுத்த வருஷம் கடையைக் கைமாற்றிவிட்டு மகன் இருக்கும் ஊருக்குப் போனார். தங்கையிடம் ஒரு வார்த்தையும் போகவில்லை.

சொன்னது பொய்யா? கதவு திறந்துதானே கிடந்தது. ரஷ்யா இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டார்.

பிறகு எல்லாம் மாறிப்போயிற்று. தகரப் பெட்டிகள் வருவது நின்றது, சங்கம் படுத்தது, மனைவி போனாள், பையன்கள் ஆளுக்கொரு ஊர், சாப்பாடு மட்டும் இன்றும் தங்கை கையால். புரொபசரும் போய்ச் சேர்ந்தார். அவருடைய மகள் கணினி வேலை பார்க்கிறவள். அப்பா சங்கத்தைத் திரும்ப எடுத்து நடத்தப்போகிறேன் என்று கிளம்பினாள். போன வாரம் நோட்டீஸோடு ரஷ்யா வீட்டுக்கு வந்தாள்.

“மாமா, முதல் படம் கதவுப் படம்தான். சுத்தம் பண்ணின புதுப் பிரதி. கீழே தமிழ்லயே எழுத்து போட்டிருக்கோம். அங்கேயே ஆறு வருஷம் படிச்சவர் எழுதிக் கொடுத்தாரு. நீங்க முன் வரிசையில உக்காரணும். உங்க தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கு அந்தப் படம்னா உயிராமே?”

ரஷ்யா நோட்டீஸை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இப்போது எவனோ ஆறு வருஷம் படித்தவன் கரண்டியோடு வருகிறான்.

வியாழக்கிழமை புரொபசர் வீட்டுக்கே போனார். அந்தப் பெண் அப்பாவின் அறையில் கணினியைத் திறந்து வைத்திருந்தாள். “ஒரு இடம் மட்டும் காட்டும்மா. தபால்காரன் கடைசியா வர்ற இடம்.”

காட்டினாள். மூடுபனி, வாசல், கிழவன். கீழே எழுத்து ஓடியது. ரஷ்யா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார். ‘உன் நாய் அக்கரையில் அலைகிறது. கூப்பிட்டேன், வரவில்லை. தண்ணீர் ரொம்பக் குளிர். நாளைக் காலைக்குள் நீந்தி வந்துவிடும். கதவைத் தாழ் போடாதே.’

“நாயா?”

“நாய்தான் மாமா. கடைசியில வருதே.”

“ஆறு வருஷம் படிச்சவனும் தப்புப் பண்ணுவான்.”

“நாய்ங்கிற வார்த்தையிலயா?” அவளுக்குச் சிரிப்பு வந்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “ஐயோ. மாமா, அப்பா கட்டுரை! எட்டுப் பக்கம்! திரும்ப அச்சடிச்சு வந்தாச்சு, நூத்தம்பது காப்பி.”

“அதுக்குத்தான் சொல்றேன். இந்த ஒரு இடத்துல எழுத்தை எடுத்துடு. இல்லேன்னா மாத்திப் போடு. யாருக்குத் தெரியப்போவுது?”

“அது முடியாது மாமா. படத்துல என்ன சொன்னாங்களோ அதைத்தான் போடணும்.”

“நான் போடலையே, பதினோரு வருஷமா.”

அவள் அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. “உங்களை யாரும் கேலி பண்ண மாட்டாங்க மாமா. நான் மேடையிலயே சொல்லிடறேன், நீங்க இல்லேன்னா இந்த ஊர்ல ஒருத்தரும் இந்தப் படங்களைப் பாத்திருக்க மாட்டாங்கன்னு. அப்பா கட்டுரையையும் குடுக்கத்தான் போறேன். அது அப்பா பாத்த படம். இது வேற படம்னு வெச்சுக்குவோம்.”

தன் மானம் போகிறதே என்று கிழவன் பயப்படுகிறான் என நினைத்துவிட்டாள். நினைத்துக்கொள்ளட்டும் என்று படியிறங்கினார். ஒருத்தியின் பத்தொன்பது வருஷம் ஒரு நாயின் பேரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

சனிக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக் கதவைத் தள்ளினார். அவள் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கான படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தரையெங்கும் வெள்ளைத் துணி. கால் வைக்க இடமில்லாமல் வாசற்படியிலேயே நின்றார்.

“நாளைக்கு அந்தப் படத்துக்கு அவசியம் போகணுமா? பாத்த படம்தானே.”

“படம் பாத்ததுதான். வசனம் புதுசாமே.”

“யார் சொன்னா?”

“நோட்டீஸ்ல போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும், அண்ணே.”

“கீழே படிச்சுக்கிட்டே மேலே பாக்கணும். கண்ணு வலிக்கும்.”

“நான் நாள் பூரா ஊசி முனையைப் பாக்கறவ. எனக்கா கண்ணு வலி?”

“முட்டி வலின்னு சொன்னியே. மாடிப்படி செங்குத்தா இருக்கும்.”

“போன வாரம் தண்ணித் தொட்டிய எட்டிப் பாக்க என்னைத்தானே மொட்டை மாடிக்கு ஏத்தினே. அப்ப முட்டி ஞாபகம் வரலையா?” ஒரு விரிப்பை முடித்து மடித்து வைத்தாள். “என்ன, நான் வர்றது பிடிக்கலையா?”

“அதெல்லாம் இல்ல. அந்தப் படத்துல ஒரு இடம்…”

இயந்திரத்திலிருந்து காலை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். “எந்த இடம்?”

“ஒண்ணுமில்ல. பத்து மணிக்கு ஆரம்பம். நேரத்துக்குக் கிளம்பு.”

அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள். இயந்திரம் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். பழைய ஆட்கள் எட்டுப் பேர், தலையெல்லாம் பஞ்சு. புரொபசர் மகள் மைக்கை அவரிடம் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னாள். “இன்னிக்கு எல்லாரும் படிச்சுக்கலாம். எனக்கு வேலை மிச்சம்” என்றார். சிரித்தார்கள். முன் வரிசைக்குப் போகாமல் தங்கையோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அவள் இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தாள். கட்டுரைப் பிரதியை மடியில் வைத்திருந்தாள், பிரிக்கவில்லை.

விளக்கு அணைந்தது. ரஷ்யாவுக்கு ஒரு விசித்திரமான நிலைமை. அடுத்து என்ன சொல்வது என்ற கவலை இல்லாமல் அவர் ரஷ்யப் படம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சுற்றிலும் தலைகள் எழுத்துக்காகக் கீழே போய்ப் போய் வந்தன. அவர் எழுத்தைப் படிக்கவில்லை. சீக்கிரம் ஓடியது, அவர் வேகத்துக்கு ஒத்துவரவில்லை. பழைய வழக்கப்படி முகங்களையே பார்த்தார். ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. மர வீட்டுப் பெண் விறகு பிளந்தாள், வாளியில் முகம் பார்த்தாள், வெறும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியை மென்றாள். அவள் மெல்லுகிற அந்தத் தாடையிலேயே எல்லாம் இருந்தது. இத்தனை வருஷம் இதன் மேல்தானா நான் வளவளவென்று பேசினேன் என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மூடுபனி வந்தது. படகு வந்தது. கிழவன் வாசலில் நின்றான்.

கீழே எழுத்து ஓடியது. முதலில் பின் வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு நாலைந்து பேர். பழைய ஆட்கள் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் திரும்பி ரஷ்யாவைப் பார்த்தார்கள். “நாயாம்யா!” என்றார் அன்று நாயை அரசாங்கம் என்று வாதாடியவர், பாதி சிரிப்பும் பாதி வருத்தமுமாக.

ரஷ்யா அவர்களைப் பார்க்கவில்லை. தங்கை பக்கம் திரும்பத் தைரியம் இல்லை. திரையில் கிழவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தார். நாயைப் பற்றிப் பேசுகிற தபால்காரன் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்க்கவில்லை. நிலைப்படியைப் பார்க்கிறான், ஏரியைப் பார்க்கிறான், மூக்கைத் துடைக்கிறான். வலது கை தபால் பைக்குள் இருக்கிறது. பேசி முடிக்கிறவரை அந்தக் கை வெளியே வரவில்லை. அப்படியே திரும்பிப் படகுக்கு நடக்கிறான். படகில் ஏறிய பிறகுதான் கையை வெளியே எடுக்கிறான். கை காலியாக இருக்கிறது.

பைக்குள்ளே கடிதம் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் கிழவனுக்குத் தெரியும். கொடுக்க மனசு வராமல் நாயைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறான். இதை யாரும் வசனத்தில் எழுதவில்லை. ஆறு வருஷம் படித்தவனும் எழுத முடியாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவும் பார்க்கவில்லை. அன்று அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார், அதில் கண்ணாடிக்கூடு மட்டும்தான் இருந்தது.

நாய் வந்து அடுப்போரம் படுத்தது. விளக்கு எரிந்தது. புரொபசர் மகள் கலந்துரையாடல் என்று அழைத்தாள். தங்கை எழுந்துகொண்டாள். “வா அண்ணே, போகலாம்.” அழவில்லை, சிரிக்கவும் இல்லை. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

வழியெல்லாம் வெயில். கடைகள் பாதி சாத்தியிருந்தன. வீட்டுக் கதவைத் தள்ளி உள்ளே போய், விரிப்புக் குவியலை ஒதுக்கி, அவருக்கு நாற்காலி போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

“அது நாய்னு எனக்குத் தெரியாதும்மா,” என்றார். “சத்தியமாத் தெரியாது. ரெண்டே வார்த்தைதான் புரிஞ்சுது.”

“உனக்கு எத்தனை வார்த்தை தெரியும்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல அந்தக் கெட்ட வார்த்தையெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானே.”

“அப்ப…”

“அது படத்துல வர்ற வசனம்னு நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கலை. எங்கண்ணன் சொல்றான்னு நினைச்சேன். நேர்ல சொல்ல வாய் வராம, நூத்தம்பது பேருக்கு நடுவுல மைக்ல சொல்றான். கதவைத் தாழ் போடாதே, இன்னொருத்தனை நினைக்காதே, இப்படியே இரு. சரி, அவன் நல்லதுக்குத்தான் சொல்லுவான். இருந்தேன்.”

“ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலையே! நீ சாப்பிடாம கெடந்தே. ஏதாவது ஆறுதலா…”

“ஆறுதல்னா அடுத்த மாசம் வந்து, ‘போதும், தாழ் போட்டுக்கோ’ன்னு சொல்லியிருக்கலாமே. வாரா வாரம் மைக்தான் கையில இருந்துதே.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “ரெண்டு வருஷத்துலயே எனக்கு அவர் முகம் மறந்துபோச்சு, அண்ணே. அப்புறம் கதவு தொறந்து கெடந்தது உனக்காகத்தான்.”

அவர் சொம்பைக் கீழே வைத்தார். இத்தோடு எழுந்து போயிருக்கலாம். இந்த அளவு அவமானம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும். ஆனால் கண்ணுக்குள்ளே அந்தக் கிழவன் நின்றுகொண்டிருந்தான். பையில் கையை விட்டபடி, ஏரியைப் பார்த்தபடி.

“இன்னொன்னு இருக்கு,” என்றார். “மருந்துக்கடைக்காரர் உன்னைக் கேட்டாரு. பன்னண்டு வருஷம் முன்னாடி. என்கிட்ட வந்து கேட்டாரு. நான் உன்கிட்ட சொல்லலை. நீ காத்திருக்கேன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன். உங்கண்ணி படுத்திருந்தா. நீ போயிட்டா…”

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. அவள் ஒரு விரிப்பின் ஓரத்தை எடுத்து, தையலை நகத்தால் நெருடிப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது.

“என்ன சொல்லிக் கேட்டாரு?”

“என்னமோ… உன்னை நல்லா வெச்சுக்குவேன், ஒரு குறையும்…”

“அதில்ல.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அவர் சொன்னதைச் சொல்லு. நீயா ஒண்ணும் சேக்காம.”

ரஷ்யா கண்ணை மூடிக்கொண்டார். பட்டறை, எண்ணெய் நாற்றம், வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்ற ஒல்லி மனுஷன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தர் சொன்னதை அப்படியே சொல்ல முயன்றார்.

“‘உங்க தங்கச்சி கடைக்கு வந்தா, நான் வேணும்னே மெதுவா மருந்து எடுக்கறேன். அது அவங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க.’ இவ்ளோதான். வேற ஒண்ணும் சொல்லலை.”

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் ஒரு தடவை குலுங்கியது, பிறகு நின்றது. கையை எடுத்தபோது முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பழைய பழக்கத்தில் ரஷ்யா அந்த முகத்தைப் படிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“தெரியும்,” என்றாள். “தெரியும்னு சொல்லியிருப்பேன்.”

“அம்மாடி…”

“நீ வீட்டுக்குப் போ, அண்ணே.”

“சாப்பாட்டுக்கு…”

“இன்னிக்குக் கடையில பாத்துக்கோ.”

வெளியே வந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு அடி வைத்திருப்பார், உள்ளே இரும்பு கிரீச்சிடும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள். பத்தொன்பது வருஷத் துரு, அவ்வளவு சுலபத்தில் நகருமா? பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் எதையோ எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். டக், டக், டக். பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை முளைத்தது.

ரஷ்யா திரும்பி வந்து கதவருகே நின்றார். நாற்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். சத்தத்தைக் கேட்டே எங்கே பிடிக்கிறது என்று சொல்லிவிடுவார்.

“அப்படித் தட்டாதே. வளைஞ்சுடும். கொஞ்சம் எண்ணெய் விடணும். வீட்டுல இருக்கு, எடுத்துட்டு வரட்டா?”

தட்டுவது நின்றது.

“வேணாம்,” என்றாள் உள்ளேயிருந்து. “தையல் மிஷின் எண்ணெய் இருக்கு. நீ போ.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர் நின்றார். பிறகு மறுபடியும் ஆரம்பித்தது, இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு தட்டாக. எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, “என்ன ரஷ்யா, உள்ளே என்ன நடக்குது?” என்று கேட்டார்.

அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வெயிலில் நடக்க ஆரம்பித்தார். தெருமுனை திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தாழ் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.